மாப்பிள்ளை என்கிற குதிரை

வேண்டாம் என்று அவள் போனிலேயே சொல்லியிருந்தாள். பேச்சு முடிகிறவரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். இருந்தும் மறுநாள் காலையில் லாயத்தின் தகரக் கதவைத் திறந்தபோது தம்பியின் லாரி வெளியே நின்றது. உள்ளே ஏதோ ஒன்று பக்கப் பலகையை உதைத்துக்கொண்டிருந்தது.

"இதான் கடைசிக்கா" என்றான் தம்பி.

"போன தடவையும் இதைத்தான் சொன்ன."

"அது போன தடவைக்குச் சொன்னது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மரக்கிடங்குக்கும் கார் கழுவும் இடத்துக்கும் நடுவில் ஒரு துண்டு நிலத்தில் அவளும் கணவனும் குதிரையேற்றப் பள்ளி நடத்தினார்கள். கணவனுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. மைதானத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடம் சொல்வதோடு சரி. குதிரை மேல் ஏறுவது, தேய்த்துக் கழுவுவது, லத்தி அள்ளுவது, வைக்கோல் கட்டை இழுத்துப் போடுவது எல்லாம் அவள் தலையில்தான் விடிந்தது. தம்பிக்குப் பந்தயக் குதிரைகளைத் தயார் செய்யும் பெரிய லாயம் ஒன்றில் வேலை. ஓடி ஓடி ஓய்ந்து, இனி ஜெயிக்காது என்று ஒதுக்கப்பட்டவற்றில் அவன் மனசுக்குப் பிடித்தவை எல்லாம் கடைசியில் அக்கா வீட்டு வாசலுக்குத்தான் வந்து சேரும். சாதாரண மனிதர்களைச் சுமந்து சாதாரணமாக நடக்க அவள் அவற்றைப் பழக்குவாள். அது முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும்.

லாரியில் சாய்த்துவைத்த பலகை வழியாக இறங்கியது செம்பட்டை நிறத்தில் ஓர் ஆண் குதிரை. கால்கள் நீளம், விலா எலும்புகள் வெளியே தெரிந்தன. கொட்டடிக்குள் போனதும் தண்ணீர் வாளியை முகர்ந்து பார்த்துக் கவிழ்த்தது. வைக்கோலை வாயால் எடுத்து உதறியது. பிறகு தலையை உயர்த்தி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தது.

"வந்ததும் வராததுமா குறை கண்டுபிடிக்கிறாரே" என்றான் கணவன் நாற்காலியிலிருந்து. "மாப்பிள்ளை வந்திருக்கார். நல்லா கவனிங்க, கோவிச்சுக்கப் போறார்."

பந்தயத்தில் அதற்கு வாய்க்குள் நுழையாத நீளத்தில் ஒரு பெயர் இருந்தது. அன்றோடு அது மறைந்து மாப்பிள்ளை என்பதே நிலைத்தது.

முதலில் அவள் அதன் மேல் ஏறவே இல்லை. வேலி போட்ட புல்வெளியில் அவிழ்த்துவிட்டாள். திறந்த வெளியை என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை. மேயாமல், புரளாமல், கேட்டை ஒட்டியே நின்றது. கொட்டடியில் கட்டினால் இடதும் வலதுமாகத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது. வாழ்நாள் முழுக்கச் சின்ன அறையில் அடைபட்டு, கொஞ்ச நேரம் மட்டும் வெறிபிடித்த மாதிரி ஓட விடப்பட்ட குதிரைகளுக்கு வரும் பழக்கம் அது. அவள் சேணங்களை எடுத்துவந்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து எண்ணெய் போட்டுத் துடைப்பாள். துணைக்கு ஓர் ஆள் இருந்தால் ஆட்டம் கொஞ்சம் குறைந்தது.

பிறகு ஏறும் பாடம் தொடங்கியது. ரேஸ் கோர்ஸில் குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே ஜாக்கியைத் தூக்கி மேலே போட்டுவிடுவார்கள். நின்று ஆளை ஏற்றிக்கொள்வது என்று ஒன்று இருப்பதே மாப்பிள்ளைக்குத் தெரியாது. அவள் மர ஸ்டூலைப் பக்கத்தில் வைத்து ஒரு காலைத் தூக்குவதற்குள் அது நகர்ந்துவிடும். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவாள். மறுபடி வைப்பாள். மறுபடி நகரும். கார் கழுவும் இடத்துக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

ஏறிய பிறகு வேறு தொல்லைகள். காலால் விலாவை மெல்ல அழுத்தினால் நகர வேண்டும் என்பது புரியாமல் அவமானப்பட்ட மாதிரி திரும்பிப் பார்த்தது. எப்போதும் ஒரே பக்கமாகச் சுற்றி ஓடிய உடம்பு மறுபக்கம் வளைய மறுத்தது. எல்லாவற்றையும் விடக் கஷ்டம் கடிவாள வார். பயந்துபோன மனுஷன் எவனும் வாரைப் பிடித்து இழுப்பான். மற்ற குதிரைகளுக்கு அது நில் என்று அர்த்தம். பந்தயத்தில் ஜாக்கி வாரை இறுக்கிப் பிடிக்க, குதிரை அதில் பலம் கொடுத்துச் சாய்ந்துகொண்டு ஓடும். மாப்பிள்ளையைப் பொறுத்தவரை இழுத்தால் ஓடு, இன்னும் இழுத்தால் இன்னும் ஓடு.

அவள் வலது தோள் பிடித்துக்கொண்டது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. காலையில் கணவன்தான் அவளுக்குத் தலை வாரிவிட்டான்.

"பிடரி சீவுற மாதிரியே இழுக்காதீங்க" என்றாள்.

"பழக்கதோஷம். ஆடாம நில்லு."

"உங்களுக்கு என்ன, உட்கார்ந்த இடத்துல இருந்து அதட்டுறீங்க. எனக்கு முடியலங்க. நிஜமாவே முடியல."

அவன் சீப்பை வைத்துவிட்டு அவள் தோளில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தான். பிறகு இருவரும் வேலைக்குப் போனார்கள். வேறு என்ன செய்வது.

வாராவாரம் விடுமுறை நாளில் மருந்துக்கடைக்காரம்மா வருவாள். பிள்ளைகளெல்லாம் வளர்ந்து போன பிறகு குதிரையேற்றம் கற்க வந்தவள். சோபா என்று எல்லோரும் கூப்பிடுகிற கிழட்டுப் பெண் குதிரை மேல் உட்கார்ந்து சுற்றிச் சுற்றி வருவாள். ஏறினால் சோபாவில் உட்கார்ந்த மாதிரியே இருக்கும், வேகமும் அவ்வளவுதான். பாடம் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் மாப்பிள்ளையின் கொட்டடிக்கு முன்னால் நின்று அந்த வாரம் கடையில் யார் யார் சண்டை போட்டார்கள் என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். அது ஆடாமல் கேட்கும்.

"எனக்கு இவனைத்தான் பிடிச்சிருக்கு" என்றாள் ஒரு நாள்.

"இவன் இன்னும் பக்குவப்படலைம்மா. பொறுங்க" என்றாள் அவள். அதைச் சொல்லும்போது, பக்குவப்படுவானா என்று அவளுக்கே சந்தேகமாகத்தான் இருந்தது.

வெயில் காலம் போய் மழை வந்து நின்றது. அதற்குள் மாப்பிள்ளை ஸ்டூல் பக்கத்தில் பெரும்பாலும் நின்றான். இரண்டு பக்கமும் வளைந்தான். உடம்பில் சதை பிடித்து விலா மறைந்தது. மைதானத்துக்குள் போதும், வெளியே கூட்டிப் போகலாம் என்று அவள் முடிவு செய்த நாளில் தம்பி லீவில் வந்திருந்தான்.

கால்வாய் ஓரமாக ஒரு மண்பாதை போகும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மரக்கிடங்கின் நீண்ட சுவர். பாதை போய்ச் சேரும் இடத்தில் லாரிகள் ஓடும் பெரிய சாலை. அவள் மாப்பிள்ளை மேல் முன்னால் கிளம்பிப் போனாள். தம்பி பள்ளிக் குதிரை ஒன்றுக்குச் சேணம் கட்டிக்கொண்டு பின்னால் வருகிறேன் என்றான். பாதியில் அவர்களைத் தூரத்திலிருந்து பார்த்ததும் அவனுக்குச் சந்தோஷம். எட்டிப் பிடித்துவிடலாம் என்று குதிரையைத் தட்டிவிட்டான்.

பின்னால் குளம்புச் சத்தம் நெருங்குவது அவள் காதில் விழுந்தது. மாப்பிள்ளையின் காதுகள் அதற்கு முன்பே பின்னால் மடிந்திருந்தன. அவளுக்குக் கீழே அந்த முதுகு திடீரெனத் தாழ்ந்து இறுகியது. அடுத்த நொடி அது பறந்தது.

இழுக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். மாதக்கணக்கில் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் இழுத்தாள். இரண்டு கையாலும், பல்லைக் கடித்துக்கொண்டு, பிடித்துக்கொண்ட தோளோடு இழுத்தாள். அது வாரில் பலம் கொடுத்து இன்னும் நீண்டு ஓடியது. தம்பி பின்னாலிருந்து "நிறுத்துக்கா, நிறுத்து" என்று கத்திக்கொண்டு, காப்பாற்றப் போகிறேன் என்று தன் குதிரையையும் விரட்டினான். அந்தச் சத்தம் கேட்டு மாப்பிள்ளை மேலும் வேகமெடுத்தது. சுவர் கோடாகப் பின்னால் போனது. முன்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு சாலையைக் கடந்தது.

அவள் அப்போது எதையும் யோசித்துச் செய்யவில்லை. கை ஓய்ந்துவிட்டது, அவ்வளவுதான். விரல்கள் தாமாகத் திறந்துகொண்டன. வார் தொய்ந்து பிடரி மேல் விழுந்தது. ஆனது ஆகட்டும் என்று பிடரியில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

குதிரை கொஞ்ச தூரம் அப்படியே ஓடியது. பிறகு மூச்சை நீளமாக விட்டது. பந்தயம் முடிந்து ஜாக்கி பிடியை விட்டதும் தளருமே, அதுபோலத் தலையைத் தாழ்த்தி ஓட்டம் குறைந்து நடைக்கு வந்து, சாலைக்கு இந்தப் பக்கமே நின்றது. வேறென்ன வேண்டும் என்பது போலக் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தது.

அவள் சரிந்து இறங்கி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.  தம்பி வந்து குதித்தான். அவன் முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தது.

"பார்த்தியாக்கா, என்ன வேகம். இன்னும் ஓடுவான் போல."

அவள் கோபப்படக்கூடத் தெம்பில்லாமல் அவனைப் பார்த்தாள்.

"ஒவ்வொண்ணா கொண்டுவந்து விட்டுட்டுப் போற. உனக்கு மனசுல பாரம் இறங்கிடுது. அது இறங்கி எங்க போய் ஏறுதுன்னு என்னைக்காவது பார்த்தியா?"

அவன் நிஜமாகவே புரியாமல், "எங்க?" என்றான்.

"என் முதுகுலடா."

இருவரும் குதிரைகளைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார்கள். தம்பி அன்று டீ கூடக் குடிக்காமல் லாரியை எடுத்துக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு போன் வரவில்லை. இனி யாரும் குதிரை கொண்டுவர மாட்டார்கள் என்பது ஒரு நிம்மதியாக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் இல்லை. அதே அலுப்புதான், கூட ஒரு வருத்தமும் சேர்ந்துகொண்டது.

"ஒரு போன் போடேன்" என்றான் கணவன்.

"நான் சொன்னது தப்பா?"

"தப்புன்னு யார் சொன்னா? போன் போடச் சொன்னேன்."

அவள் போடவில்லை. ஒரு விடுமுறை நாள் காலையில் தம்பி பஸ்ஸில் வந்து இறங்கினான். லாரியும் இல்லை, குதிரையும் இல்லை. உள்ளே வந்து யாரிடமும் எதுவும் கேட்காமல் மண்வெட்டியை எடுத்து எல்லாக் கொட்டடிகளையும் சுத்தம் செய்தான். முடித்துவிட்டு அவள் முன்னால் வந்து நின்றான்.

"என்ன செய்யணும்னு சொல்லு."

"நட" என்றாள்.

"எங்க?"

"இங்கதான். மாப்பிள்ளையைப் பிடிச்சுக்கிட்டு மைதானத்தைச் சுத்தி நட. ஏறாத. நான் சோபா மேல பின்னால வருவேன், தாண்டிப் போவேன். நாங்க என்ன செஞ்சாலும் நீங்க ரெண்டு பேரும் நடக்கணும்."

அது கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் பின்னால் குளம்புச் சத்தம் கேட்டதும் மாப்பிள்ளையின் காது மடிவதற்கு முன்பே தம்பியின் கை வாரில் இறுகியது. அவன் இறுக்கியதும் குதிரை துள்ளியது. அவன் வேகம் பார்த்தே வளர்ந்த ஆள். இரண்டு சுற்றிலேயே சலித்துப்போனான். அடுத்த வாரமும் வந்து நடந்தான், அதற்கு அடுத்த வாரமும் நடந்தான்.

"மாப்பிள்ளை கத்துக்கிட்டான்" என்றான் கணவன் நாற்காலியிலிருந்து. "மச்சான்தான் இன்னும் பாஸ் ஆகலை."

"சும்மா இருங்க மாமா" என்றான் தம்பி. ஆனால் அப்போது கை தளர்ந்தது.

ஒரு மதியம் தொட்டியில் தண்ணீர் நிரம்பக் காத்திருந்தபோது அவனாகவே பேசினான்.

"அங்க ஓடத்தான்க்கா சொல்லித் தர்றோம். நிக்கச் சொல்லித் தர்றதில்ல. ஓட்டம் முடிஞ்சதுங்க எல்லாம் வரிசையா கடைசியில கட்டியிருக்கும். நான் அந்தப் பக்கம் போனா தலையைத் தூக்கிப் பார்க்கும். என்ன செய்யறதுன்னு தெரியாம இங்க ஓட்டிட்டு வந்துடுவேன்."

"தெரியும்" என்றாள் அவள். "அதனாலதான் இத்தனை நாளா வாங்கிக்கிட்டேன்."

கொஞ்ச நாளில் சோபா உரசிக்கொண்டு தாண்டிப் போனாலும் மாப்பிள்ளை காதை மட்டும் மடித்துவிட்டுத் தன் நடையில் நடந்தான். மருந்துக்கடைக்காரம்மாவை அவள் அவன் முதுகில் ஏற்றிப் பார்த்தாள். அந்த அம்மாவுக்கு மணிக்கட்டு வலி. வாரைப் பிடிக்கவே பலம் இல்லை என்று வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள்.

"பிடிக்கவே வேணாம். அப்படியே விட்டுடுங்க" என்றாள் அவள்.

தம்பி பக்கத்தில் நடந்தான். மாப்பிள்ளை தொய்ந்த வாரோடு, கழுத்தை நீட்டி, ஒரு முழுச் சுற்று வந்து நின்றான். மருந்துக்கடைக்காரம்மா அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். பள்ளிக்கு வரும் கண்டவரையும் சுமக்கிற குதிரையாக அது ஒருநாளும் ஆகப் போவதில்லை. அவள் அதை எல்லோரிடமும் தெளிவாகச் சொல்லிவிட்டாள். ஒரே ஆளுக்கு, மெதுவான நடைக்கு, அது சரியாக இருந்தது. அவ்வளவு போதும் என்று பட்டது.

அன்று தம்பி எதையோ சொல்ல வந்து சொல்லாமல் திரிந்துகொண்டிருந்தான்.

"என்ன, இன்னொண்ணா?" என்றாள்.

"இல்லக்கா." கொஞ்சம் பொறுத்து, "இருக்கு. ஆனா கேக்கலை."

"கேக்காத."

"சரி" என்றான். முகத்தில் வருத்தம் இருந்தது. ஆனாலும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குத்தான் போனான்.

அவள் சேண அறைக்குள் போய், கால் நீட்டலாம் என்று போர்வைக் குவியல் மேல் உட்கார்ந்தாள். எப்போது சாய்ந்தாள் என்று தெரியவில்லை. விழித்தபோது ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது. பிற்பகல் பாடம் அவள் இல்லாமலேயே நடந்து முடிந்திருந்தது. யாரோ அவள் மேல் ஒரு குதிரைப் போர்வையைப் போர்த்தியிருந்தார்கள், அது நாறியது. வெளியே கணவன் தண்ணீரை இப்படியா ஊற்றுவது என்று தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தான். தம்பி ஏதோ எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தான். எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். பிறகு போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டு மறுபடியும் கண்ணை மூடினாள்.