பால் வாங்கப் போனவள்

பால் வாங்கப் போன செல்லக்கனி ஆறரை மணியாகியும் திரும்பி வரவில்லை. கடை தெருமுனையில்தான் இருக்கிறது. போவது, பாக்கெட்டை வாங்குவது, வருவது, அவ்வளவுதான் வேலை. நான் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். எனக்கு எப்போதுமே நடக்காமல் இருக்க முடியாது. நான் சாப்பிடும் மாத்திரை மனதை உட்கார வைத்துவிட்டுக் கால்களைக் கிளப்பிவிடுகிறது. டாக்டரிடம் சொன்னால், "நடங்கம்மா, நடந்தா நல்லது" என்கிறார். அதை அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்கிறார்.

வல்லக்கோட்டையில் இந்த வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள் இருக்கிறோம். பெருந்தேவியாகிய நான், செல்லக்கனி, சகாயமேரி. மூவரும் ஒரே மனநல ஆஸ்பத்திரியில், ஒரே வார்டில், வருடக்கணக்காகக் கிடந்தவர்கள். நோய் அடங்கிய பிறகும் கூட்டிப்போக ஆள் வராதவர்கள். ஒரு தொண்டு நிறுவனம் இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்து எங்களைக் குடிவைத்தது. துணைக்குப் பக்கத்துத் தெரு ஷீபாவை வேலைக்கு வைத்தது. அவள் காலையில் வந்து ராத்திரி சாப்பாடு முடிந்ததும் போய்விடுவாள். சமைப்பது, கூட்டுவது, சண்டை போடுவது எல்லாம் நாங்களேதான். ஊரில் எங்களை 'ஆஸ்பத்திரி வூட்டுப் பொம்பளைங்க' என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். வீடு என்றாவது சொல்கிறார்களே.

செல்லக்கனிக்கு மட்டும் ஒரு நிபந்தனை இருந்தது. மூன்று மாதம் பார்ப்பது, சரிப்படாவிட்டால் ஆஸ்பத்திரிக்கே திருப்பி அனுப்புவது. இதைச் சொன்னவர் தொண்டு நிறுவனத்தின் பொறுப்பாளர் விஜயராகவன். மூன்று மாதம் முடிய இன்னும் ஒரு வாரம்தான். இந்த நேரம் பார்த்து அவள் காணாமல் போகிறாள்.

அவளுக்குக் காதில் குரல் கேட்பதெல்லாம் நின்று வெகு காலமாகிறது. அவளுடைய வியாதி இப்போது வரிசை. ஆஸ்பத்திரியில் காபிக்கு வரிசை, குளிக்க வரிசை, மாத்திரைக்கு வரிசை. எதற்கு என்று கேட்காமல் நிற்பவளுக்கு அங்கே நல்ல பெயர். செல்லக்கனியைப்போல நல்ல பெயர் வாங்கினவள் யாருமில்லை. ஒருமுறை பல் டாக்டர்கள் முகாம் போட்டபோது இவளும் வரிசையில் போய் நின்று, வாயைத் திறந்து, ஆடாத பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். "ஏன்டி சொல்லல?" என்று கேட்டேன். "கேக்கலியே" என்றாள். எனக்கு ஆத்திரம் வந்தது. அவள்மேல் இல்லை.

இந்த வீட்டுக்கு வந்த பிறகும் தட்டை ஏந்திக்கொண்டு அடுப்பருகே நிற்பாள். "உக்காரு, வரும்" என்றால்தான் உட்காருவாள். தனியாகக் கடைக்குப் போய்ப் பழகட்டும் என்று விஜயராகவனிடம் மல்லுக்கட்டியவள் நான்தான். "எத்தினி நாளைக்கு சார் கையப் புடிச்சிக்கினே நடக்கிறது?" என்று கேட்டேன். இந்த வாரம்தான் தனியாக அனுப்ப ஆரம்பித்திருந்தோம்.

ஷீபா வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவள் உடனே போனை எடுத்தாள்.

"சாருக்குப் போன் பண்ணணும்கா. காணோம்னா ஒடனே சொல்லணும், அதான் ரூல்சு."

"சொன்னா இன்னா ஆவும்னு தெரியுமில்ல? இன்னிக்கே வண்டில ஏத்திக்கினு பூடுவாரு. கொஞ்ச நேரம் குடு. தேடிப் பாத்துட்டு சொல்லு."

"என் வேலை போயிரும்கா."

"அவ வூடு போயிரும்டி."

ஷீபா போனைக் கையில் வைத்துக்கொண்டே வண்டியை எடுத்தாள். சகாயமேரி தூங்கிக்கொண்டிருந்தாள். கூரை இடிந்து விழுந்தாலும் எட்டு மணிக்கு முன்னால் எழுந்திருக்கமாட்டாள். கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினோம்.

பால்கடையில், அவள் வரவே இல்லை என்றார்கள். அப்படியென்றால் கடைக்கு முன்னாலேயே எங்கோ வரிசையைப் பார்த்திருக்கிறாள். அவளைத் தேடுவது பெரிய வித்தை இல்லை, வரிசை எங்கே இருக்கிறதோ அங்கே தேடினால் போதும். முருகன் கோயிலுக்கு ஓடினேன். போன கிருத்திகைக்குத் தரிசன வரிசையில் மூன்று சுற்று வந்தவள் அவள். இன்று சாதாரண நாள், சன்னிதியில் ஐயரும் இரண்டு பேரும்தான் இருந்தார்கள். ரேஷன் கடை திறக்கவே இல்லை. என் கால்கள் பறந்தன. ஷீபா வண்டியில் வந்தும் என்னைப் பிடிக்க முடியவில்லை.

பஸ் ஸ்டாப்பில் சுப்பராயலுவின் டீக்கடை. கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்களை நம்பியே நடக்கிற கடை. போன மாதம் வரை எங்களுக்குத் தனி டம்ளர் எடுத்து வைத்திருந்த ஆள். நான் சத்தம் போட்டதும் காகிதக் கப்புக்கு மாறிக்கொண்டான்.

"அந்தக் குள்ளமா இருப்பாங்களே, அந்த அக்காவா?" என்றான். "ஃபர்ஸ்ட் ஷிப்ட் பஸ்ல ஏறிக்கினு பூட்டாங்களே."

"எந்த பஸ்சு?"

"ஒரகடத்துல ரப்பர் பேக்கிங் ஷெட் கீது பாரு, அதுக்கு கான்ட்ராக்ட் ஆளு ஏத்தினு போற பஸ்சு. லைன்ல நின்னாங்க, ஏறிட்டாங்க. வேலைக்குச் சேந்துட்டாங்க போலன்னு நெனச்சேன்."

அவனைத் திட்டவும் வழியில்லை. அந்த பஸ்ஸில் தினம் நாலு புது முகம் ஏறுகிறது. கான்ட்ராக்டரின் ஆள் படியில் நின்று தலையை எண்ணுவான். எண்ணிக்கை சரியாக வந்தால் விசிலடிப்பான். காலையில் ஊரிலேயே நீளமான வரிசை அதுதான். இன்று நான் அவளைப் பால் வாங்க அனுப்பியதும் சரியாக அந்த நேரம்தான்.

ஷீபா விஜயராகவனுக்குப் போன் செய்துவிட்டாள். நான் தடுக்கவில்லை. மதியத்துக்குள் வருவதாகச் சொன்னாராம். குரல் எப்படி இருந்தது என்று கேட்டேன். "அமைதியா பேசினாருக்கா" என்றாள். ஆஸ்பத்திரியில் எங்களைப் பற்றி முடிவெடுத்தவர்கள் எல்லாரும் அமைதியாகப் பேசுகிறவர்கள்தான்.

ஒரகடம் போய்ச் சேர்ந்தோம். லாரிகளுக்கு நடுவே ஷீபாவின் வண்டி புகுந்து புகுந்து போக, நான் பின்னால் உட்கார்ந்தபடி காலை ஆட்டிக்கொண்டே இருந்தேன். "ஆட்டாதக்கா, வண்டி சாயுது" என்று நாலு தடவை சொன்னாள். ஷெட்டின் கேட்டில் செக்யூரிட்டி உட்கார்ந்திருந்தார்.

"செல்லக்கனின்னு ஒருத்தவங்க காலைல வந்தாங்களா?" என்று ஷீபா கேட்டாள்.

"கான்ட்ராக்ட் ஆளுங்க பேரு எங்களுக்குத் தெரியாதும்மா. எண்ணிக்கைதான். நாப்பது பேரு வரணும், நாப்பது எறங்கிச்சு."

"அவங்களக் கொஞ்சம் கூப்பிட முடியுமா?"

"ஷிப்ட் முடியாம யாரும் வெளிய வர முடியாது. எதுக்குக் கூப்பிடணும்? எதனா சாவா?"

ஷீபா என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், கதவு திறந்துவிடும். மனநோயாளி என்று சொன்னால் இவரே உள்ளே ஓடி, சூப்பர்வைசரைக் கூட்டி, நாலு பேராகச் சேர்ந்து அவளை அள்ளிக்கொண்டு வந்து எங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். ஷீபா வாயைத் திறந்தாள். நான் அவள் கையை அழுத்திப் பிடித்தேன்.

"உள்ள மெஷின் இருக்குதா?" என்று மட்டும் கேட்டேன்.

"பொம்பளைங்களுக்கு மெஷின் வேலை இல்ல. கார் கண்ணாடிக்கு ரப்பர் பட்டை வருது, எண்ணிக் கவர்ல போடணும். அவ்ளோதான்."

நல்ல வார்த்தை சொன்னார். ஆனாலும் பயம் போகவில்லை. யாராவது அதட்டினால் அவள் நின்ற இடத்திலேயே உறைந்துபோவாள். பாத்ரூம் எங்கே என்று கேட்கமாட்டாள். மதிய மாத்திரையும் வீட்டில்தான் இருக்கிறது. கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் நான் போக வர நடந்தேன். "நீ ஒரு எடத்துல நில்லேன்கா, எனக்குத் தல சுத்துது" என்று ஷீபா அழாத குறையாகச் சொன்னாள். நிற்க முடிந்தால் நிற்கமாட்டேனா?

வெயில் ஏறியதும் செக்யூரிட்டி, "இங்க நிக்காதீங்க, பஸ்சு உங்க ஊருக்கே வரும்" என்று விரட்டிவிட்டார். திரும்பி வந்தோம். வாசலில் விஜயராகவனின் கார் நின்றது. அவர் கெட்டவர் இல்லை. எங்களுக்கு இந்த வீட்டைப் பிடித்துக் கொடுக்க எத்தனையோ ஆபீஸ் ஏறி இறங்கியவர். ஆனால் பயந்தவர்.

"பெருந்தேவி, நான் உங்களைக் குத்தம் சொல்லல," என்றார். "அவங்களுக்கு வெளியுலகம் இன்னும் பழகல. நல்லவேளை பேக்கிங் ஷெட். வேற எங்கயாவது போற பஸ்ஸா இருந்திருந்தா? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்த வீட்டையே மூடச் சொல்லுவாங்க. கொஞ்ச நாள் ஆஸ்பத்திரிலயே இருக்கட்டும்."

"கொஞ்ச நாள்னு சொல்லித்தான் சார் எங்களையும் கொண்டாந்து வுட்டாங்க."

சகாயமேரி அவருக்குக் கறுப்பு டீ கொடுத்தாள். பால் ஏது?

மூன்று மணிக்கு மேல் பஸ் வந்தது. நாங்கள் எல்லாரும் ஸ்டாப்பில் நின்றோம். தலைகள் இறங்கின, இறங்கிக்கொண்டே இருந்தன. கடைசியாகச் செல்லக்கனி இறங்கினாள். சேலையெல்லாம் கறுப்புத் தூசி. கூட இறங்கிய ஒரு பெண் இவளிடம், "வரேன்கா, நாளைக்குப் பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். செல்லக்கனி கையை அசைத்தாள். அவள் யாருக்காவது கையசைத்து நான் பார்த்ததே இல்லை.

என்னைப் பார்த்ததும், "பால் வாங்க மறந்துட்டேன், தேவி" என்றாள்.

அறைய வேண்டும்போலவும் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. "சாப்டியா?" என்று கேட்டேன்.

"சாம்பார் சாதம் போட்டாவ. ரெண்டாவது தடவையும் கேட்டேன், தந்தாவ."

கேட்டாளாம். நான் ஷீபாவைப் பார்த்தேன். அவளுக்கும் அது காதில் விழுந்திருந்தது. விஜயராகவன் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் போனில் ஆஸ்பத்திரியோடு பேசிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரையைக் கொடுத்தோம். விஜயராகவன் அவளுக்கு எதிரே உட்கார்ந்து பக்குவமாகத்தான் சொன்னார்.

"செல்லக்கனி, நீங்க நல்லா இருக்கீங்க. ஒண்ணும் தப்பு செய்யல. ஆனா கொஞ்ச நாள் அங்க வந்து இருக்கணும். டாக்டர் பாக்கணும்னு சொல்றார். வாங்க, போலாம்."

செல்லக்கனி எழுந்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. அவர் நடந்தார், இவள் பின்னால் நடந்தாள். அவளுடைய துணிப்பையை எடுத்து வர ஷீபா அழுதுகொண்டே உள்ளே போனாள். 'போகாதடி, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லேன்டி' என்று கத்த வேண்டும்போல இருந்தது. நான் கத்தினால் அவள் நிற்பாள். எனக்காக நிற்பாள். நாளைக்கு வேறொருவர் கூப்பிட்டால் அவர் பின்னால் போவாள். என் பாழாய்ப்போன கால்களைத் தரையில் ஊன்றி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி நின்றேன். அதைவிடக் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை.

விஜயராகவன் காரின் பின்கதவைத் திறந்தார். செல்லக்கனி ஒரு காலை உள்ளே வைத்தாள். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"சார், காலைல ஆறு மணிக்குள்ள இந்தக் காரு என்னைய இங்கன கொண்டாந்து விட்ருமா?"

"எதுக்கும்மா?"

"நாளைக்கு ஆதாரு எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காவ. லேட்டா போனா பஸ்சு போயிரும்லா."

"இல்லம்மா... அங்கேர்ந்து தினம் வர முடியாது. அங்கயேதான் இருக்கணும்."

அவள் யோசித்தாள். அவள் யோசிப்பதை நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். எதிர்வீட்டு ஜன்னலில்கூட இரண்டு முகங்கள் தெரிந்தன.

"அப்பம் நான் வரல, சார்," என்றாள்.

காலை வெளியே எடுத்தாள். கோபமில்லை, அழுகையில்லை. பஸ் மாறி ஏறிவிட்டவள் இறங்குவதுபோல இறங்கினாள். என்னைத் தாண்டி உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஆதாரைத் தேட ஆரம்பித்தாள்.

விஜயராகவன் திறந்த கதவைப் பிடித்தபடியே நின்றார். என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் அவளே சொல்லிவிட்டாள். பிறகு காரின் கதவைச் சாத்தினார்.

"ஷீபா, முதல் வாரம் நீங்களும் ஷெட் வரைக்கும் கூடப் போய்ட்டு வாங்க. அந்தக் கான்ட்ராக்டர்கிட்ட நான் பேசணும், நம்பர் வாங்கிக் குடுங்க," என்றார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். "இல்ல, அவங்க வரல. வரலன்னு சொல்லிட்டாங்க" என்றார். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, "ஆமா, அவங்களேதான் சொன்னாங்க" என்றார்.

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. கதவு நிலையிலிருந்து கையை எடுக்காமலேயே அழுதேன்.

"இன்னாக்கா நீ, நல்லதுதானே நடந்துச்சு!" என்றாள் ஷீபா.

நல்லது நடந்தால் அழக்கூடாது என்று எவள் சொன்னது? மூக்கைச் சிந்திவிட்டு, பால் வாங்க நானே கிளம்பினேன்.