அம்மாசிக்கு ஆஜரானவர்

அழைப்பிதழ் முந்நூறு அச்சாகி வந்த பிறகுதான் ராமானுஜத்துக்கு விஷயம் தெரிந்தது. விடுமுறைக்கு வந்திருந்த மகள் ஹம்சா, கூடத்து மேஜைமேல் இருந்த கட்டிலிருந்து ஒன்றை உருவிப் படித்தாள். படித்ததும் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"என்னப்பா இது? நான் யாரைக் கூண்டுல ஏத்தினேன்?"

ராமானுஜம் ஓய்வுபெற்ற செஷன்ஸ் நீதிபதி. எழுபத்திரண்டு வயதிலும் நாற்காலியில் முதுகு சாய்க்கமாட்டார். தாத்தா பப்ளிக் பிராசிக்யூட்டர், அப்பாவும் அதேதான். அவரும் நீதிபதி ஆவதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் அந்த வேலையைப் பார்த்தவர். குற்றம் சாட்டப்பட்டவனைக் கோர்ட் வழக்கப்படி 'எதிரி' என்பார். மூன்று தலைமுறையாக அந்த வீட்டுக் கறுப்பு கவுன் எதிரிக்காகக் கோர்ட் படி ஏறியதில்லை என்பது மயிலாப்பூரில் பாதிப் பேருக்குத் தெரிந்த சங்கதி.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஹம்சா ஆப்பிரிக்கா கிளம்பியபோது, தம் அப்பாவின் கவுனை அந்துருண்டை வாசனையோடு அவள் பெட்டியில் மடித்து வைத்தவர் அவர்தான். சைதாப்பேட்டை கோர்ட்டில் பாகப்பிரிவினை, வாடகை வழக்கு என்று பத்து வருஷம் ஓட்டிய பெண். ருவாண்டாவில் லட்சக்கணக்கான பேரைக் கொன்றவர்களை விசாரிக்க ஐக்கிய நாடுகள் சபை அருஷா என்ற ஊரில் நீதிமன்றம் வைத்திருக்கிறது, அதில் வேலை கிடைத்திருக்கிறது என்று கடிதத்தைக் காட்டினாள். எந்தத் தரப்பில் என்று அவர் கேட்கவில்லை. அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்க அவசியம் இருந்ததில்லை.

'இனப்படுகொலை செய்த கொடியவர்களுக்குத் தண்டனை வாங்கித் தரும் நம் மயிலை வழக்கறிஞர் ஹம்சாவுக்குப் பாராட்டு' என்றது அழைப்பிதழ். ஞாயிறு காலை பத்து மணி, சபா மண்டபம். அறிமுக உரை: ராமானுஜம். வாசகமும் அவருடையதுதான்.

"நான் எதிரிக்கு ஆஜராறேம்பா," என்றாள் ஹம்சா. "சீனியர் ஒரு கனடாக்காரர். எங்க கட்சிக்காரர் ஒரு ஊர்த் தலைவர்."

"கொலைகாரனா?"

"அவர் கையால யாரையும் தொடலை. அவருக்குக் கீழ இருந்த போலீஸ்காரா கொன்னா. தெரிஞ்சிருந்தும் தடுக்கலைங்கறதுதான் சார்ஜ். தெரியுமா, தெரிஞ்சாலும் தடுக்க முடிஞ்சிருக்குமா, அதுதான் கேஸே."

சமையலறையிலிருந்து அவர் மனைவி ஜானு எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, ஒன்றரை வருஷமா வாரம் தவறாம ஃபோன். அங்க மழையா, வாழைக்காய் கிடைக்கறதான்னெல்லாம் கேட்டேளே, இதைக் கேக்கலையா?"

"நீ கேட்டியோ?"

"எனக்கு மொதல்லேந்தே தெரியும். உங்ககிட்ட சொல்ல வந்தேன். பேச விட்டாத்தானே."

சாயங்காலம் பாராட்டு விழா நடத்தும் மன்றத்தின் செயலாளர் மாணிக்கவாசகம் வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குடையை மூலையில் சாத்தினார்.

"இருநூறு கார்டு போயிடுச்சு சார். கோபாலபுரத்துல நானே வீடு வீடா நடந்து குடுத்தேன். இப்படியே விட்டுடுங்க. அருஷான்னு ஒரு ஊர் இருக்கறதே இங்க யாருக்குத் தெரியும்? நம்ம பொண்ணு எந்தப் பக்கம் நிக்குதுன்னு யாரு போய்ப் பார்க்கப் போறாங்க?"

ராமானுஜத்துக்கு ஒரு கணம் அந்த யோசனை பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதே அவரைச் சுட்டது.

"கார்டுல இருக்கறதை மேடையில சொன்னேள்னா நான் வரமாட்டேன் அப்பா. இருக்கறதை இருக்கறபடி சொன்னா வரேன்," என்றாள் ஹம்சா.

"நீ கவுனை வச்சுட்டுப் போ," என்றார் அவர்.

மறுபேச்சில்லாமல் உள்ளே போய் எடுத்து வந்து அழைப்பிதழ்கள்மேல் வைத்தாள். அந்துருண்டை வாசனை போயிருந்தது. காலர் நைந்திருந்தது. மாணிக்கவாசகம் குடையை எடுத்துக்கொண்டு, "காலைல வர்றேன்," என்று நழுவினார்.

ராமானுஜம் கவுனைத் தொடவில்லை. வேறு ஏதாவது பேச வேண்டும்போல் இருந்தது. "தூக்குத்தானே கேக்கறா?"

"அங்க தூக்கு கிடையாது. அதிகபட்சம் ஆயுள். சாட்சிகளெல்லாம் திரைக்குப் பின்னால. பேர் எங்களுக்குத் தெரியும், வெளியில சொல்லக் கூடாது."

பேர் இல்லாத சாட்சி. கையில் கத்தி எடுக்காத எதிரி. ஊரையே சாகவிட்டவனுக்கு ஆயுள். அதற்கும் இரண்டு வக்கீல்கள், ஒருத்தி இந்த வீட்டுப் பெண்.

"அம்மாசி ஒரே ஒரு ஆளைத்தான் வெட்டினான்," என்றார். "அறுபத்தேழுல, செங்கல்பட்டு செஷன்ஸ். நான் தூக்கு எழுதினேன். ஹைகோர்ட்டும் உறுதி பண்ணித்து. ஒருத்தனுக்குத் தூக்கு, ஊருக்கு ஆயுள். இது என்ன கணக்குன்னு எனக்குப் புரியலை."

"எனக்கும் முழுக்கப் புரியலை அப்பா. அங்கயே தினம் அதைப் பத்திச் சண்டைதான்." கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள். "அம்மாசிக்கு யார் ஆஜரானா?"

ராமானுஜம் வாயைத் திறந்தார். அந்த வழக்கில் அவருக்கு மறந்தது ஒன்றுமில்லை. சாட்சிகள் ஏழு பேர். முதல் சாட்சிக்கு இடது கண் கிடையாது. அரிவாள் பிடியில் சணல் சுற்றியிருந்தது. தீர்ப்பன்று மழை, கூரை ஒழுகி எழுத்தர் மேஜையை நகர்த்தினார்கள். பிராசிக்யூட்டரின் மூக்குப்பொடி டப்பா கூட நினைவிருந்தது.

எதிரிப் பக்கம் யாரோ நின்றிருந்தான். அம்மாசிக்கு வக்கீல் வைக்க வழியில்லை என்று கோர்ட்டே ஒரு ஜூனியரை நியமித்தது. கண்ணாடி போட்டவன். ஏழு சாட்சியின் வாக்குமூலத்துக்குக் கீழேயும் ராமானுஜமே தம் கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'குறுக்கு விசாரணை இல்லை.' ஏழு முறை. அந்த ஜூனியர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அப்போது விசாரணை சீக்கிரம் முடிந்ததே என்றுதான் இருந்தது.

"பேர் வரலை," என்றார்.

ஹம்சா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் அதட்டியிருப்பார்.

இரண்டு நாள் அந்த வீட்டில் சாத்தமுதுக்கு உப்புப் போதுமா என்பதற்கு மேல் பேச்சில்லை. கவுன் மேஜைமேலேயே கிடந்தது. சனிக்கிழமை ஜானு அதன் காலரைத் தைத்தபோது, அவர் பார்த்துக்கொண்டே பத்திரிகை படித்தார்.

ஞாயிறு மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசை ஓரத்தில் ஹம்சா வந்து உட்கார்ந்தாள். மாணிக்கவாசகம் அழைப்பிதழில் இருந்தபடியே வரவேற்றுவிட்டு மைக்கை விட்டு விலகினார். ராமானுஜம் எழுந்து நின்றார். எழுதி வைத்திருந்த தாள் சட்டைப் பையிலேயே இருந்தது.

"கார்டில் இருப்பது தப்பு. என் பெண் அங்கே எதிரிக்கு ஆஜராகிறாள். விசாரிக்காமல் எழுதியது நான். தப்பு என்னுடையது."

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. பின்வரிசையில் ஒரு பழைய வக்கீல் எழுந்தார். "உங்களுக்கு இதில் சம்மதமா சார்?"

"சம்மதம் இல்லை," என்றார் ராமானுஜம். மேலே ஒரு வாக்கியம் இருக்கிறது என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவரும் காத்திருந்தார். அது வரவில்லை. "ஏன் என்று அவளைக் கேளுங்கள். நானும் கேட்கத்தான் வந்திருக்கிறேன்."

மேடையை விட்டிறங்கி அவள் பக்கத்து நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்தார். யாரோ கைதட்டினார்கள், எதற்கென்று தெரியாமல் பாதியில் நிறுத்தினார்கள். அவர் வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்த மஞ்சள் பையிலிருந்து கவுனை எடுத்து, பார்க்காமலே அவள் மடியில் வைத்தார்.

"கண்ணாடி போட்டிருந்தான்," என்றார் மெதுவாக. "உயரம். ஒருவேளை மெட்ராஸ் பையனா இருக்கலாம்."

"ஞாபகம் வந்தா சொல்லுங்கோப்பா," என்று சொல்லிவிட்டு ஹம்சா மைக்கை நோக்கிப் போனாள்.

அவள் பேச ஆரம்பித்தாள். ராமானுஜம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கூடவே உள்ளுக்குள், 'அ'வில் தொடங்கி ஒவ்வொரு எழுத்தாக, ஒரு பேரைத் தேடிக்கொண்டிருந்தார்.