கலங்கல் தண்ணீர்

எந்த வேலையையும் முடிவிலிருந்து பின்னோக்கித் திட்டமிடச் சொல்லித் தருவதால் அறிவியல் மிஸ்ஸுக்குத் 'தலைகீழ் மிஸ்' என்று பெயர். கரும்பலகையின் அடியில் முடிவை எழுதுவார். அதற்கு முன்னால் என்ன, அதற்கும் முன்னால் என்ன என்று கேட்டுக் கேட்டு மேலே ஏறுவார். உச்சியில் வந்து நிற்பதுதான் இன்று செய்ய வேண்டியது.

அன்று ஆறாம் வகுப்பு தண்ணீர் வடிகட்டி செய்துகொண்டிருந்தது. 'அப்புறம்' மட்டும் காலி பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். எதைச் சொன்னாலும் அப்புறம் என்பதால் வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் அது.

"இவ பாட்டில வெட்டுறதுக்குள்ள நமக்கெல்லாம் கல்யாணமே ஆயிடும்," என்றாள் பக்கத்து பெஞ்சுக்காரி.

மிஸ் வந்து குனிந்தார். "எந்தப் படியில மாட்டிக்கிட்டே கண்ணு?"

"மாட்டிக்கல மிஸ். அம்மா வந்ததும் சேர்ந்து செய்யலாம்னு சொன்னாங்க."

அம்மா வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ். லீவு தள்ளிக்கொண்டே போனது. புதுச் செருப்பு பெட்டியிலேயே கிடந்தது. சைக்கிள் பழகலாமா என்று அப்பா கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார். எல்லாம் அம்மா வந்த பிறகுதான்.

மிஸ் கரும்பலகையில் இருந்த படிகளைக் காட்டினார். "சரி. இதுல எது அம்மா இருந்தாதான் ஆகும், எது உன் கையாலயே ஆகும்? பிரிச்சுப் பாரு."

அவள் கரும்பலகையைப் பார்த்தாள். பாட்டில் வெட்டத் தெரியும். பஞ்சு, மணல், கூழாங்கல் அடுக்கவும் தெரியும். ஒவ்வொன்றையும் செய்யும்போது அம்மாவின் பங்கைத் தானே எடுத்துத் தின்பதுபோல் இருந்தது. மணி அடிப்பதற்குள் வடிகட்டி தயார். ஜாடியில் சேற்றுத் தண்ணீரும் கலக்கியாயிற்று.

"ஊத்த வேண்டியதுதானே?"

"அத மட்டும் அம்மாவுக்கு வெச்சுக்கறேன் மிஸ்."

"வெச்சுக்கோ. ஆனா ஆடாம இருந்தா மண்ணு அடியில தங்கிடும். தண்ணி தெளிஞ்சிடும். வடிகட்ட ஒண்ணும் இருக்காது."

அதை அவள் யோசித்திருக்கவில்லை.

மறுநாள் காலை ஜன்னலோரத்து ஜாடி பாதிக்கு மேல் தெளிந்திருந்தது. இன்றைய முதல் வேலை என்ன என்று மிஸ் ஒவ்வொருவராகக் கேட்டு வந்தார்.

"ஜாடியக் குலுக்கணும் மிஸ்."

யாரோ சிரித்தார்கள். அவள் மூடியை இறுக்கி, ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினாள். வெளிச்சம் மறைகிற அளவுக்கு மண் எழும்பும்வரை நிறுத்தவில்லை.