அடையாளம்: இடுப்பு வரை பின்னல்

மெஹர்னிசாவுக்கு அன்று காலையிலிருந்தே விக்கல். பின்னே, உம்மா விடாமல் நினைத்தால்? இரண்டு வருஷமாய்க் காசநோய் ஆஸ்பத்திரியில் கிடந்த பழவேற்காட்டு பீவி ஜான் குணமாகி, மகளை அழைத்துப்போக வருகிறாள்! திருவள்ளூர் சர்க்கார் விடுதியில் எப்போது விக்கினாலும், "உம்மா நெனைக்குது" என்பாள் மெஹர்னிசா. பக்கத்துப் பாயில் படுக்கும் செண்பகத்துக்கு யாருமில்லை. "எனக்கு மட்டும் ஏண்டி விக்கலே வரமாட்டேங்குது?" என்பாள்.

ஐம்பத்தாறாம் வருஷம் அது. சேர்த்த அன்று ரிஜிஸ்தரில் மெஹர்னிசாவின் அடையாளமாக ‘இடுப்பு வரை பின்னல்’ என்று எழுதியிருந்தார்கள். மச்சம், தழும்பு எதுவும் கண்ணில் படவில்லையாம், மகானுபாவர்கள்! போன வாரம் பேன் தொல்லை என்று எல்லாத் தலைகளையும் மழித்துவிட்டார்கள். இப்போது நாற்பது மொட்டை, நாற்பது நீல கவுன்.

"பின்னலுக்கு நான் எங்க போவேன்?" என்று மேட்ரன் லட்சுமியம்மாள் ஒரு சட்டம் போட்டாள். "வரிசையா நில்லுங்க. தாய்க்காரியே கையக் காட்டட்டும். புள்ள முந்திக்கினு கூப்புடக்கூடாது. தெரியலன்னா அடுத்த மாசம் மேஜிஸ்திரேட்டு வந்து பாத்துக்குவாரு."

அடுத்த மாசமா! மெஹர்னிசா வாயைப் பொத்திக்கொண்டாள். உம்மா வாசலில் நின்று திருதிருவென்று விழித்தாள். ஏழு வயசில் விட்ட பிள்ளை இரண்டு வருஷத்தில் சாண் உயரம் வளர்ந்திருந்தால் பாவம், என்ன செய்வாள்?

"இக்!"

தாய்க்குச் சைகை காட்டுவது யார் என்று மேட்ரன் திரும்பினாள். தோழி மாட்டிக்கொள்வாளே என்று செண்பகமும் வேண்டுமென்றே "இக்!" என்றாள். அவளைப் பார்த்து அடுத்தவள். அவ்வளவுதான், வரிசை முழுக்க இக், இக், இக்! மொட்டைகளெல்லாம் குலுங்கின. விக்கலை வைத்தாவது உம்மா கண்டுபிடித்திருப்பாள், செண்பகம் காரியத்தையே கெடுத்தாளே படுபாவி என்று மெஹர்னிசாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பீவி ஜான் இடுப்பில் கைவைத்தாள். விக்கலை நிறுத்த அவள் வீட்டில் ஒரே வைத்தியம்தான், திருட்டுப் பட்டம் கட்டுவது.

"ஏண்டி, பக்கத்து ஊட்டு கருவாட்டத் திருடித் துன்னியாமே?"

முப்பத்தொன்பது விக்கலும் கப்சிப். ஒருத்தி மட்டும் ஆவேசமாகக் கத்தினாள். "நான் துன்னல உம்மா! பூனதான் துன்னுச்சி!"

"இதுதான், இந்தக் கழுததான்!" உம்மா ஓடிவந்து அந்த மொட்டையை மார்போடு அணைத்து அழுதாள், சிரித்தாள். மேட்ரன் சிரித்த சிரிப்பில் ரிஜிஸ்தர்மேல் மை கொட்டியது.

பஸ்ஸில் உம்மா மடியில் உட்கார்ந்ததும் விக்கல் நின்றது. காக்களூர் தாண்டியதும் மறுபடி "இக்!"

"நான்தான் பக்கத்துலயே கீறேனே, இன்னும் யாருடி நெனைக்கிறது?"

மெஹர்னிசா ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தாள். "செண்பகம்," என்றாள். "நாமளும் அவள நெனைக்கலாம் உம்மா. அவளுக்கும் வரட்டும்."