தண்டலம் பங்களாவின் நிழல் கடிகாரம்

தண்டலத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிய பயணியர் பங்களாவில் வெள்ளைக்காரன் காலத்து நிழல் கடிகாரம் ஒன்று இருந்தது. இடுப்பளவு கல்தூண், அதன்மேல் திருகாணியால் முடுக்கி நிறுத்திய முக்கோணப் பித்தளைத் தகடு. தகட்டின் நிழல் கல்லில் எந்தக் கோட்டில் விழுகிறதோ, அதுதான் மணி. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் உள்ளே வந்து பார்த்துவிட்டு, காவலாளி கன்னியப்பனிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். மனைவி இறந்தபின் அவருக்கு இருந்த பேச்சுத்துணை அவ்வளவுதான்.

பஸ் நிறுத்தத்தில் வேர்க்கடலை விற்ற கங்கம்மாள் மட்டும் தினமும் உச்சிவேளையில் வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவாள். அவருக்கும் கொஞ்சம் குழம்பு ஊற்றுவாள்.

எழுபத்திரண்டில் வேறொரு பங்களாவில் இதே மாதிரித் தகட்டை யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பொதுப்பணித்துறை ஓவர்சியர் பலராமன் வந்து கேட்டைப் பூட்டச் சொன்னார்.

"பூட்டிட்டா யாரு சார் வந்து பாக்கறது?"

"தொலைஞ்சா யாருய்யா பதில் சொல்றது?"

கேட் பூட்டியே கிடந்தது. கன்னியப்பன் வாய்திறந்து பேசாமலே நாட்கள் போயின. ஓவர்சியர் அடுத்த முறை வந்தபோது அவரிடம் கன்னியப்பன் கெஞ்சினார்: பகலில் திறந்து வைக்கலாம், பொழுது சாய்ந்ததும் தகட்டைக் கழற்றித் என் அறையில் வைத்துக்கொள்கிறேன் என்றார்.

"அப்ப நீ எங்கயும் நகரக் கூடாது" என்று பலராமன் ஒப்புக்கொண்டார்.

கேட் திறந்தது. ஆட்கள் வந்தார்கள். கங்கம்மாளும் வந்தாள்.

ஆவணியில் வல்லத்தில் கன்னியப்பனின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம்.

"இன்னாண்ணே, இன்னும் கெளம்பலியா?" என்றாள் கங்கம்மாள்.

"இத்த வுட்டுட்டு எப்டி போறது? என் ரூமுக்குப் பூட்டுகூட கெடயாது."

"கழட்டி என்னாண்ட குடு. எங்கூட்டுப் பொட்டில வெச்சிப் பூட்டிக்கிறேன். நாளைக்கு வந்து வாங்கிக்க."

அவர் தகட்டின்மேல் கை வைத்தார். திருகாணியைத் தொடவில்லை.

"இல்ல கங்கம்மா... ஆரு எப்டின்னு..." பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

அவள் தூக்குச்சட்டியை மூடினாள். "ஊரு ஜனத்த நம்பித் தொறந்து வுட்ட. என்னிய நம்பல."

கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. தகடு பத்திரமாக இருந்தது. யார் யாரோ வந்து மணி பார்த்தார்கள். கங்கம்மாள் வரவில்லை. சில நாள் பொறுத்துவிட்டு, ஒரு மத்தியானம் சாலையைக் கடந்து அவளிடம் போனார்.

"தப்பாப் பேசிட்டேன். உள்ள வந்து சாப்புடு, கங்கம்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபமில்லை.

"வேணாண்ணே. அங்க வந்தா நீ என் கையத்தான் பாத்துகினு இருப்ப."

இல்லையென்று சொல்ல அவர் வாயெடுத்தார். அதற்குள் காஞ்சிபுரம் பஸ் வந்துவிட்டது. அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல்களை நோக்கி ஓடினாள்.