மீதி மூன்று நிமிடம்

விமான நிலைய நுழைவுக் கூண்டில் கையை நீட்டி சீட்டை உருவியபோது அதில் மாலை ஐந்து ஐம்பத்திரண்டு என்று அச்சாகியிருந்தது. நான் மட்டும்தான் அதைப் பார்த்தேன். வண்டியில் இருந்த மற்ற மூவருக்கும் அது ஒரு துண்டுக் காகிதம். பக்கத்து இருக்கையில் அப்பா, பின்னால் என் மனைவி ஆனி, அவள் பக்கத்தில் என் தம்பி ஜெபஸ்டின். இன்னும் மூன்றரை மணி நேரத்தில் ஜெர்மனிக்குப் பறக்கப்போகிறவன். ஜன்னல் கண்ணாடியை இறக்கி விமான நிலையத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். மாதத்துக்கு ஆறேழு தடவை நான் வந்துபோகும் இடம் அது. ஒருநாளும் ஒரு படம் எடுத்ததில்லை. எடுத்தால் யாருக்கு அனுப்புவது?

எங்கள் திருத்தணி பைபாஸ் டாக்ஸி ஸ்டாண்டில் பதினோரு வண்டிகள் நிற்கின்றன. மீனம்பாக்கம் சவாரி என்றால் மற்றவர்களும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். விமான நிலையத்துக்குள் வண்டிக்குப் பத்து நிமிடம் இலவசம், அதற்குமேல் கட்டணம். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பத்து நிமிடம் எப்போது ஆரம்பிக்கிறது என்பதில்தான் ஆட்கள் கோட்டை விடுவார்கள். ஆளை இறக்குகிற வாசலில் வண்டி நின்றதும் கணக்கு தொடங்குவதாக நினைத்துக்கொள்வார்கள். கிடையாது. சீட்டு கையில் வந்த நொடியிலிருந்து, வெளியேறும் கூண்டில் அதைத் திருப்பிக் கொடுக்கும் நொடிவரை. மேலே ஏறுவதற்கு இரண்டு நிமிடம், இறங்கி வெளியே வர இரண்டு நிமிடம், அங்கே முன்னால் நிற்கும் வண்டிக்காரன் சில்லறை தேடினால் அதுவும் நம் தலையில்தான். வாசலில் நமக்குக் கிடைப்பது ஐந்து, மிஞ்சினால் ஆறு நிமிடம். எங்கள் ஸ்டாண்டு துளசிங்கம் ஒருமுறை அம்மையார்குப்பத்துக் குடும்பம் ஒன்றை ஏற்றிப்போனான். அவர்கள் துபாய் போகிற பையனை வாசலில் நிறுத்தி, எலுமிச்சம்பழம் சுற்றி, அதை முன்சக்கரத்தடியில் வைத்து நசுக்கிவிட்டுத்தான் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். காவலர் விசில் ஊத, பழம் உருண்டு ஓட, அதைத் தேடிப் பிடிக்க, பதினான்கு நிமிடம் ஆகிவிட்டது. கட்டணத்தை யார் கொடுப்பது என்று பூந்தமல்லிவரை சண்டை. நம் பக்கத்து ஆட்கள் யாரும் சும்மா இறங்கிப் போகமாட்டார்கள். மலைக்கோயில் விபூதி, இல்லாவிட்டால் எலுமிச்சை. எங்கள் ஆட்கள் என்றால் ஜெபம்.

எங்கள் வீட்டு ஜெபத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். யாராவது தூரமாகப் போனால், வாசலில் நிற்கவைத்து, வீட்டில் மூத்தவர் தலைமேல் கைவைத்து ஜெபிப்பார். வீட்டு வாசலில் அல்ல. ஆளைக் கடைசியாக விட்டுப் பிரிகிற வாசலில். ரயில் என்றால் பெட்டிக்கு முன்னால், பஸ் என்றால் படிக்கட்டுக்கு முன்னால். கைவைத்து ஆரம்பித்துவிட்டால் ஆமென் சொல்லாமல் கையை எடுப்பது எங்கள் வழக்கத்திலேயே இல்லை. அம்மா உயிரோடு இருந்தபோது, அடுப்பில் பால் பொங்கி வழிந்து நாற்றம் அடிக்கும். அவள் கண்ணைக்கூடத் திறக்கமாட்டாள். அப்பா மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து பேச்சு மெதுவாகிவிட்டது. அவர் சொல்லும் ஒரு வார்த்தைக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு லாரி போய்விடும். ஆனால் ஜெபத்தை மட்டும் சுருக்கமாட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தம்பிமேல் பொறாமை. நியாயமான காரணம் இருந்தால் பொறாமைகூட கௌரவமாக இருக்கும். எனக்கு அதுவும் இல்லை. அப்பா என்னையும் படிக்கத்தான் வைத்தார். பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் நானேதான் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தேன். அவன் நர்சிங் படித்தான், ஜெர்மன் மொழியை ராத்திரி பகலாக உருப்போட்டான், பரீட்சை எழுதி ஜெயித்தான். யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் போன ஞாயிற்றுக்கிழமை சபையில் அவனை முன்னால் கூப்பிட்டு நிறுத்தி எல்லோரும் எழுந்து நின்றபோது, நான் செருப்பு விட்ட இடத்தைப் பார்க்கப் போகிறவன்போல வெளியே வந்துவிட்டேன். முறுக்கு கேட்டால் மாவு இல்லை என்று சொல்லும் ஆனி, இரண்டு நாளாக அவனுக்கு முறுக்கும் ரவா லட்டும் செய்து, எடை மிஷினில் வைத்து வைத்து எடுத்தாள். அப்பாவைக் குளிப்பாட்டுவது நான், நகம் வெட்டுவது நான், மாதாமாதம் டாக்டரிடம் கூட்டிப்போவது நான். அவர் கண் மட்டும் வாசலில் ஜெபஸ்டின் பைக் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கும். நான் முதல் வண்டி வாங்கியபோதும் அப்பா ஜெபம் செய்தார். பானெட்மேல் கைவைத்து, வண்டிக்கு. இரண்டே நிமிடத்தில் முடிந்துவிட்டது. தூரதேசம் போகிறவன் தலைமேல்தான் கை வரும் என்றால், தினமும் அரக்கோணத்துக்கும் திருவள்ளூருக்கும் ஓடுகிறவன் தலைக்கு என்ன வழி?

ஐந்து ஐம்பத்துநான்குக்கு வாசலில் நிறுத்தினேன். ஜெபஸ்டின் பெட்டிகளை இறக்கினான். ஆனி அப்பாவை இறக்கி, கைத்தடியைக் கையில் கொடுத்தாள். அவர் நடைபாதையில் காலூன்றி நிற்பதற்குள் ஒரு நிமிடம் போய்விட்டது. தம்பி அவர் முன்னால் வந்து குனிந்தான். உயரமானவன், நன்றாகவே குனியவேண்டியிருந்தது. அப்பா வலது கையை எடுத்து அவன் தலைமேல் வைத்தார். அந்தக் கை சாதாரணமாக நடுங்கும். டம்ளர் பிடித்தால் பாதி டீ சட்டையில்தான். அவன் தலைமேல் அது நடுங்கவில்லை. அதையும் நான் பார்த்தேன்.

"ஸ்தோத்திரம்... ஆண்டவரே" என்று ஆரம்பித்தார். எங்கள் தாத்தா காலத்திலிருந்து நடத்தி வந்ததற்கு நன்றி. அம்மாவுக்காக நன்றி. நர்சிங் ஸ்கூலுக்கு நன்றி. சுற்றிலும் டிராலிகள் இடித்துக்கொண்டு போயின. போகிறவர்கள் சிலர் பார்த்தார்கள். எங்களைக் கடந்துபோன ஒரு பெண் சட்டென்று தலையில் முக்காடு இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு நொடி நின்றுவிட்டுப் போனாள். ஆனி கண்ணை மூடி அழுதுகொண்டிருந்தாள். நான் கண்ணை மூடவில்லை. செல்போனில் ஐந்து ஐம்பத்தாறு.

"என் மகனுக்கு முன்னால... நீர்..." என்ற இடத்துக்கு அப்பா வந்தார்.

அப்போதுதான் விசில் கேட்டது. எங்களுக்கு இல்லை. முன்னால் இரண்டாவதாக நின்ற வெள்ளை வண்டிக்கு, அதன் டிரைவர் இறங்கி எங்கோ போயிருந்தான். எனக்கு அது நன்றாகவே தெரியும்.

"பா, போதும்பா. டைம் ஆச்சி" என்றேன். "வுட்டா வண்டிக்குப் பூட்டு போட்டுடுவான்."

ஜெபஸ்டின் குனிந்தபடியே தலையைத் திருப்பினான். "ண்ணா, எவ்ளோ வருமோ நான் குடுத்துடறேண்ணா. அப்பா முடிக்கட்டும்" என்று பேன்ட் பையில் கைவிட்டான்.

பணத்தை எடுக்கப் போன அந்தக் கைதான் என்னைக் கெடுத்தது. இல்லாவிட்டால் ஒருவேளை விட்டிருப்பேன். "பணம் இல்லடா பிரச்சன. ரூல்ஸு. உனக்கு இன்னா தெரியும்? தெனம் வந்துகினு இருக்கறவன் நான்" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. அப்பா கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார், தூரத்தில் விசிலோடு வரும் காவலரைப் பார்த்தார். தன்னால் பெரிய மகனுக்கு வம்பு வந்துவிடக்கூடாது என்று நினைத்திருக்கவேண்டும். மெதுவாகக் கையை எடுத்துவிட்டார். ஆமென் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. ஜெபஸ்டின் கொஞ்ச நேரம் அந்தத் தலையை நிமிர்த்தாமலே வைத்திருந்தான், கை திரும்பி வரும் என்பதுபோல. பிறகு நிமிர்ந்து அப்பாவைக் கட்டிப்பிடித்தான்.

"பரவால்லப்பா. போயிட்டு போன் பண்றேன்" என்றான். என்னையும் கட்டிப்பிடித்தான். "அப்பாவ பாத்துக்கண்ணா" என்றான். யாருக்குச் சொல்கிறான் பார் என்று நினைத்தேன். அவன் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போனபோது என் மனசு நிறைந்துதான் இருந்தது. அரை நிமிடம் இருக்கும்.

வெளியேறும் கூண்டில் கூட்டமே இல்லை. சீட்டை வாங்கிய பெண் அதை மிஷினில் காட்டினாள். எதிரே இருந்த பலகையில் சிவப்பு எழுத்தில் வண்டி எண் வந்தது, அதன் கீழே ஏழு நிமிடம், அதன் கீழே கட்டணம் பூஜ்யம். தடுப்புக் கட்டை தூக்கிக்கொண்டது. நான் முந்நூறு தடவை பார்த்த பலகை. ஓட்டுபவனுக்குத் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறார்கள், அப்படியென்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

"இன்னாங்க, ஏழுன்னுதான காட்டுது?" என்றாள் ஆனி பின்னாலிருந்து. அவளுக்கு எந்த உள்நோக்கமும் இல்லை. "பத்து வரைக்கும் சும்மான்னு சொல்லுவீங்களே."

"சில நாளு சீக்கிரம் வந்துடுவோம்" என்றேன். அது பதிலே இல்லை. கண்ணாடியில் அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவது தெரிந்தது.  மேலே ஏதாவது கேட்டிருந்தால் கத்தியாவது இருப்பேன்.

பல்லாவரம் தாண்டி, பம்மல் நெரிசலில் ஊர்ந்து, குன்றத்தூர் வழியாகப் போனோம். அப்பா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை மறுபடி நடுங்கிக்கொண்டிருந்தது. எழுபத்தாறு வயது. தம்பியின் ஒப்பந்தம் மூன்று வருடம், நடுவில் வரமுடியாது என்று அவனே சொல்லியிருந்தான். மூன்று வருடம் கழித்து அவன் குனிய, இந்தக் கை இருக்குமா என்ற யோசனை எனக்கு அப்போதுதான் வந்தது. கிளம்பும்போதே அப்பாவுக்கு அது தெரிந்திருக்கும். அதனால்தான் இடுப்பு வலியோடு எண்பது கிலோமீட்டர் உட்கார்ந்து வந்தார்.

"போனு போட்டுக் குடுக்கறேன் மாமா. மீதிய போன்ல சொல்லிடுங்க" என்றாள் ஆனி. இரண்டு தடவை போட்டாள். அவன் எடுக்கவில்லை. பாதுகாப்புச் சோதனையில் நின்றுகொண்டிருப்பான், போன் தட்டில் போயிருக்கும்.

அப்பா தலையை ஆட்டினார். "போன்ல... தல... ஏதும்மா?" என்றார்.

திருமழிசை தாண்டியதும் "நிறுத்து" என்றார். இருட்டத் தொடங்கியிருந்தது. ஒரு பஞ்சர் கடைக்கு முன்னால் ஓரம் கட்டினேன். சிறுநீருக்காக இருக்கும் என்று இறங்கப் போனேன். அவர் என் முழங்கையைத் தொட்டார்.

"மூணு நிமிசம்... இருந்திச்சி இல்ல?"

எதிரே வந்த பஸ்ஸின் வெளிச்சம் எங்கள் மேல் வந்து போனது. "ஆங்" என்றேன்.

"தெரிஞ்சா... சொன்ன?"

"ஆங்பா."

பின்னால் ஆனி மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது. அப்பா கோபப்பட்டிருந்தால் எனக்கு வழி தெரிந்திருக்கும். நானும் என் நாற்பத்தொரு வருடக் கணக்கை எடுத்து நீட்டியிருப்பேன். அவர் கதவுப் பக்கம் கையைக் காட்டினார். "எறங்கி... இந்தப் பக்கம் வா."

சுற்றி வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்தால் தேவலாம் என்றும் இருந்தது. அவர் இருக்கையில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்து, கையைக் கீழே அசைத்தார். குனி என்கிறார். ஜல்லியில் முழங்காலை ஊன்றிக் குனிந்தேன். கை வந்து தலைமேல் உட்கார்ந்தது. அவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

"என் மகனுக்கு முன்னால... நீர் போவும்" என்றார். விட்ட இடத்திலேயே ஆரம்பித்தார். "அங்க... பனி. அவனுக்குச் சளி... சேராது ஆண்டவரே. சின்னதுலேர்ந்தே சேராது. அவன் தொடற... நோயாளிங்க... எழுந்து நடக்கட்டும். அவன் தனியா சோறு துன்னும்போது... பக்கத்துல... உக்காரும்."

ஒவ்வொரு வார்த்தையும் அவனுக்கு. தலை மட்டும் என்னுடையது. அந்த நேரத்திலும் என் பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய் சொன்னவன் ஆவேன். எனக்கும் பனி ஆகாது அப்பா, மார்கழி விடியற்காலை சவாரியில் நெஞ்சு கட்டிக்கொள்கிறது என்று சொல்லவேண்டும்போல இருந்தது. சொல்லவில்லை. அவனிடமிருந்து நான் பிடுங்கியதை அவனுக்காக நானே வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன். அசைந்தால் சிந்திவிடும் என்று பயமாகக்கூட இருந்தது. பஞ்சர் கடைக்காரர் காற்றடிக்கும் மிஷினை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். லாரிகள் போகும்போதெல்லாம் வண்டி லேசாக ஆடியது. அப்பா அவசரப்படவில்லை. ஜெர்மனியில் அவன் தங்கப்போகும் அறை, அவன் மேலதிகாரி, அவனுக்கு வரவேண்டிய பெண், எல்லோரும் வந்து போனார்கள்.

கடைசியில் "ஆமென்" என்றார்.

"ஆமென்" என்றாள் ஆனி.

 நானும் சொன்னேன்.

ஜெபம் முடிந்துவிட்டது. ஆனால் அப்பா கையை எடுக்கவில்லை. கை மரத்துப்போய்விட்டதா, எடுக்க மறந்துவிட்டாரா, கண் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா, குனிந்திருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வார்த்தை எதுவும் வரவில்லை. கடைக்காரர் மறுபடி மிஷினைப் போட்டார். ஜல்லி முழங்காலில் குத்திக்கொண்டிருந்தது. அந்தக் கை என் முடிக்குள் மெல்ல நடுங்க ஆரம்பித்தது. நான் நிமிரவில்லை.