டெட்ராய்ட் போகும் பஸ்

வருகை எடுத்த குமாஸ்தா "வெர்னெல்" என்று கூப்பிட்டார். மற்ற உறுப்பினர்களையெல்லாம் "திரு" போட்டு அழைத்துக்கொண்டு வந்தவர், அவள் முறை வந்ததும் வீட்டு வேலைக்காரியைக் கூப்பிடுவதுபோல வெறும் பெயரோடு நிறுத்திக்கொண்டார். அந்தத் தென்மாநிலச் சட்டசபைக்குள் ஒரு கறுப்பினப் பெண் உறுப்பினராகக் காலெடுத்து வைத்தது அன்றுதான். வெர்னெல் டக்கெட் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் தடவையும் அதே வெறும் பெயர். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். விடியுமுன்பே தேவாலய பஸ்ஸில் கிளம்பி வந்திருந்த ஊர்ச்சனம் பார்வையாளர் மேல்மாடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் முகத்தைப் பார்த்தால் தெம்பாக இருக்கும் என்று தலையை நிமிர்த்தினாள். கடைசி வரிசையில், தூணை ஒட்டி, தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு கிளியோபஸ் நின்றிருந்தான்.

எட்டு வருஷம் கழித்துத் தன் புருஷனைப் பார்க்கிறாள்.

"திருமதி டக்கெட்," என்றார் குமாஸ்தா, சோற்றில் கல்லைக் கடித்தவர்போல.

"ஆஜர்," என்றாள். குரல் பிசிறியது. கோபம் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

அவன் ஊரைவிட்டுப் போவதற்கு முன்பு அவளுக்கு அங்கே ஒரு சிகை அலங்காரக் கடை இருந்தது. தலை வாரிக்கொள்ள வரும் பெண்களிடம் பேசிப் பேசி, வாக்காளராகப் பதிய, பதிவு அலுவலகம் இருந்த கோர்ட்டுக்கு அவர்களைக் கூட்டிப் போனாள். அது பொறுக்காத வெள்ளைக்காரர்கள் ஒரு ராத்திரி, ஓடும் காரிலிருந்து வீட்டைச் சுட்டார்கள். தூங்கிக்கொண்டிருந்த கிளியோபஸின் தலைக்கு ஒரு சாண் மேலே சுவர் பிய்ந்தது. அந்த வாரமே அவன் வடக்கே டெட்ராய்ட் கார் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனான். நீயும் வா என்றான். இந்தத் தேர்தல் முடியட்டும், வந்துவிடுகிறேன் என்றாள். ஒன்று முடிய இன்னொன்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் "எப்ப வர்ற?" என்று கேட்டுக்கொண்டிருந்தவன், எந்த வருஷத்திலிருந்து கேட்பதை விட்டான் என்று அவளால் சொல்ல முடியவில்லை. வேறு ஒருத்தி இருக்கிறாளோ என்று சில நாள் நினைத்தாள். இருந்தால் சுலபமாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

சபை கலைந்ததும் ஊர்ப் பெண்கள் அவனைத் தேவாலய பஸ்ஸுக்குள் இழுத்துப் போய் பொரித்த கோழியும் சர்க்கரைவள்ளிக்கிழங்கு வைத்துச் சுட்ட இனிப்பும் தட்டில் குவித்தார்கள். பாட்டுக்குழுவின் ஓலா மே, "ஏம்ப்பா, எட்டு வருஷமா பொண்டாட்டி வீட்டுக்கு வழி மறந்துபோச்சா? நாங்க வேணா ரோட்டுல விளக்கு பிடிச்சு நிக்கட்டுமா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், ஆனால் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

மறுநாள் வேலை என்று சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பினான். அவளும் கூட நடந்தாள். அவன் கிருதா நரைத்திருந்தது. நடைபாதையில் தண்ணீர் தேங்கிய இடங்களில் பழையபடியே அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். வா என்று அவன் கேட்பான் என்று வழி முழுக்க எதிர்பார்த்தாள். முடியாது என்ற பதில் தயாராக இருந்தது. ஆனாலும் அந்தக் கேள்வி ஒரு தடவை காதில் விழவேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அவன் அவளுடைய தொகுதியைப் பற்றி விசாரித்தான். குளிரைப் பற்றிப் பேசினான்.

பஸ் நிலையத்தில் அவளே வாயைத் திறந்தாள். "கிளியோ, அந்தச் சுவர நான் பூசிட்டேன். கட்டிலயும் ரோட்டுப் பக்கம் இல்லாம பின்பக்க அறைக்கு மாத்திட்டேன்..."

"கேக்காத, வெர்னெல்," என்றான் மெதுவாக. "நீ கேட்டா நான் இருந்துடுவேன். இருந்துட்டா, ரோட்டுல காரு சத்தம் கேக்கறப்பல்லாம் நான் கட்டிலுக்கடியில போறத நீ பாக்கணும். டெட்ராய்ட்லயே இன்னமும் போறேன்."

அவள் அவன் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாள். ஏற்கெனவே சரியாகத்தான் போட்டிருந்தது. கழற்றி மறுபடியும் போட்டாள்.

"இன்னிக்கு அந்தாளு கூப்பிடக் கூப்பிட வாயத் தொறக்காம உக்காந்திருந்தியே," என்றான். "எனக்குக் காலெல்லாம் நடுங்கிருச்சு. உனக்கு நடுங்கலயா?"

"மேசைக்கு அடியில நடுங்கிச்சு. யாருக்கும் தெரியல."

பஸ் உறுமியது. அவன் ஏறி இந்தப் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்தான். கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. உள்ளேயிருந்து உள்ளங்கையால் துடைத்தான். ஒரு முகம் அளவுக்குத் தெளிந்தது. அவள் கிட்டே போனாள். அவன் ஏதோ சொன்னான், இஞ்சின் சத்தத்தில் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. அவன் மூச்சிலேயே கண்ணாடி ஓரத்திலிருந்து மறுபடியும் மங்கிக்கொண்டு வந்தது.